அவள் போடாத ஓட்டு

அந்தச் சின்ன ஊரில் எந்தத் தெரு எந்தப் பக்கம் சாயும் என்று தெரிய வேண்டுமானால் மோட்டார் மெக்கானிக்கைக் கேட்டால் போதும். மில் தெரு மொத்தமும் பச்சைக் கட்சி. ஆஸ்பத்திரித் தெரு மஞ்சள் கட்சி. சந்தைக்குப் பின்னால் இருக்கிற நாற்பது வீடுகள் கடைசி நாள் வரைக்கும் வாயைத் திறக்காது. இருபது வருடமாக அவர்தான் பச்சைக் கட்சியின் பூத் ஏஜெண்ட். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே ஒரு துண்டுச் சீட்டில் ஓட்டுக் கணக்கை எழுதி மடித்துக் கொடுப்பார். நாலைந்து ஓட்டுக்கு மேல் பிசகியதில்லை.

அவருக்குப் பிடிபடாத ஒரே ஆள் அவர் மனைவிதான். அவள் மஞ்சள். கெஞ்சிப் பார்த்தார், ஒரு வாரம் பேசாமலும் இருந்து பார்த்தார். "சோறு உங்களுக்குப் போடுறேன். ஓட்டை என் இஷ்டத்துக்குப் போட்டுக்கறேன், விட்டுடுங்க" என்பாள். ஓட்டு நாளில் இருவரும் ஒரே வண்டியில் போய், ஒருவர் ஓட்டை ஒருவர் அடித்துவிட்டுத் திரும்புவார்கள்.

"இதுக்கு ரெண்டு பேரும் வீட்லயே படுத்துத் தூங்கியிருக்கலாம்."

"நீங்க தூங்குங்க. நான் போயிட்டு வந்துடுறேன்."

அவள் போய் மூன்று வருடமாகிறது. வாக்காளர் பட்டியலில் அவர் பெயருக்கு அடுத்த வரியில் அவள் பெயர் அப்படியே இருந்தது. நீக்கச் சொல்லும் மனுவை மூன்று தடவை வாங்கி வந்தார். 'காரணம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிடும். மூன்று மனுக்களும் பட்டறை இழுப்பறையில் கிடந்தன.

வெளியே சொல்லக்கூடாத வேலை ஒன்றையும் அவர் கட்சிக்குச் செய்துவந்தார். பட்டியலில் இறந்துபோனவர்களின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுப்பார். அந்தப் பெயர்களில் யாராவது வந்து பச்சைக்கு ஓட்டுப் போடுவார்கள். அப்போது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். மனைவி பெயருக்கு மட்டும் அவர் புள்ளி வைக்கவில்லை.

இந்தத் தேர்தலன்று காலை பதினொரு மணி இருக்கும். பள்ளிக்கூட வகுப்பறை, குள்ளமான பெஞ்சுகள். அவருக்குப் பக்கத்தில் மஞ்சள் கட்சி ஏஜெண்டான சலூன்காரர், முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார். தலையில் துப்பட்டா போட்ட ஓர் இளம்பெண் சீட்டை நீட்டினாள். அதிகாரி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார்.

"முந்நூத்திப் பதினேழு." அப்புறம் பெயர்.

அவள் பெயர்.

மெக்கானிக் நிமிர்ந்தார். அந்தப் பெயரை வேறொருவர் வாயால் கேட்டு எத்தனை நாளாயிற்று! ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் கூப்பிட்டதுதான் கடைசி. இப்போதும் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள், இதோ அவள் எழுந்து போகப்போகிறாள் என்பதுபோல அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் பெண்ணின் விரலில் மை ஏறிவிட்டது. அட்டை மறைப்புக்குப் பின்னால் போனாள். வந்தாள். மடித்த சீட்டு பெட்டிக்குள் விழுந்தது.

முப்பது வருடம் மஞ்சளுக்குப் போட்டவள் பச்சைக்குப் போட்டுவிட்டாள்.

அவர் எழுந்து வெளியே போனார். கேட்டுக்கு அந்தப் பக்கம் பச்சைக் கட்சியின் நகரச் செயலாளர் நின்றிருந்தார்.

"அண்ணே, அண்ணிக்குப் புள்ளி வைக்க மறந்துட்டீங்க. நானே வச்சுட்டேன். இந்தத் தடவை இழுபறி, ஒரு ஓட்டையும் விட முடியாதுல்ல?"

மெக்கானிக் உள்ளே வந்து உட்கார்ந்தார். சலூன்காரர் அவரைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார்.

"அக்கா எங்க ஆளு, மாமா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"உனக்குத்தான் தெரியுமே. நீ சொல்றதுக்கு என்ன? பேருதான் ஏஜெண்டு!"

"உங்கள பக்கத்துல வச்சுக்கிட்டு, அக்கா செத்துப்போச்சுன்னு நான் எப்படி மாமா சொல்லுவேன்?"

மெக்கானிக் தன் கைகளைப் பார்த்தார். எத்தனை தேய்த்தாலும் போகாத கிரீஸ் நகக்கண்ணில் இருந்தது. பிறகு எழுந்து அதிகாரியின் மேஜைக்குப் போனார்.

"சார், அந்த முந்நூத்திப் பதினேழு... அது அவங்க இல்ல. அவங்க இறந்துட்டாங்க."

இந்த வார்த்தையை அவர் வாயால் சொல்வது இதுதான் முதல் தடவை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "என்னங்க விளையாடுறீங்களா? ஓட்டு போட்டாச்சு. பெட்டிக்குள்ள விழுந்ததுல எது யாரோடதுன்னு நான் எப்படித் தேடுவேன்? ஆட்சேபம் சொல்லத்தானே உங்கள உக்கார வச்சிருக்கு? பேர் வாசிச்சப்பவே ஏன் சொல்லல?"

"வாசிச்சீங்க சார்." அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "கேட்டுக்கிட்டே இருந்துட்டேன்."

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. பட்டியலைப் பார்த்தார். முந்நூற்றுப் பதினாறில் மெக்கானிக்கின் பெயர், பதினேழில் அவர் மனைவி பெயர். மறுபடி அவர் முகத்தைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"யோவ், வெயில்ல நிக்கிறோம்யா!" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அதிகாரி அடுத்த பெயரை வாசித்தார்.