வீட்டோடு மாப்பிள்ளைக்குப் பட்டினி

அண்ணன் அதற்கு வைத்த பெயர் 'வீட்டோட மாப்பிள்ளை'. அவன் தக்காளிச் செடியை மேயும் புழுக்களைக் கொல்வதற்காகத் தங்கை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் பச்சைப் பூஞ்சைக்குத்தான் இந்த மரியாதை.

"தின்னுட்டுத் தூங்குது. ஒரு புழுவக்கூட அசைக்கல. காய் பிடிக்கறதுக்குள்ள புழு சாகலேன்னா பூச்சிமருந்து அடிச்சிடுவேன். கேன் வாங்கி வெச்சாச்சு."

போன முறை தக்காளிக் கூடாரத்துக்குள் மருந்தடித்துவிட்டு மூச்சு வாங்க விழுந்தவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனதை யார் மறப்பது? இன்னொரு தடவை நெஞ்சு தாங்காது என்று டாக்டர் அண்ணியிடம் கறாராகச் சொல்லிவிட்டார். ஆனால் புழு செடியை மேயும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆளா இவன்?

பூஞ்சையிடம் ஆயுதம் இல்லாமலில்லை. புழுவின் தோலைக் கரைக்கும் நொதிக்கான மரபணு அதனிடம் இருக்கிறது. சோதித்துப் பார்த்தவளே அவள்தான். பின்னே என்ன கேடு? சர்க்கரைக் கூழ் ஊற்றித் தட்டுத் தட்டாகக் கொழுகொழுவென்று வளர்த்தாள். அண்ணன் கொண்டுவந்த புழுக்கள் அதன்மேல் உருண்டு புரண்டு சௌக்கியமாகவே இருந்தன.

ஒருநாள் அலமாரியை ஒழிக்கும்போது, மூலையில் மறந்துபோன தட்டு ஒன்று கிடைத்தது. சர்க்கரை எப்போதோ தீர்ந்து, பூஞ்சை நோஞ்சானாகப் படர்ந்திருந்தது. குப்பையில் போடப் போனவள், போனால் போகிறதென்று அதன் வித்துப்பொடியை நாலைந்து புழுக்களின்மேல் தடவி வைத்தாள். அடுத்த வாரம் அத்தனையும் விறைத்துக் கிடந்தன, மேலே பச்சை பூத்து.

அப்போதுதான் உறைத்தது. தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். சர்க்கரை தாராளமாகக் கிடைக்கும்வரை அந்த மரபணு வேலையைத் தொடங்காது. படித்த பாடம்தான், புத்தியில்தான் ஏறவில்லை. வேளாவேளைக்குக் கொட்டிக் கொடுத்தால் எந்த மாப்பிள்ளை எழுந்திருப்பான்?

பார்த்துப் பார்த்து வளர்த்த தட்டுகளை எல்லாம் கொட்டிக் கழுவினாள். மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்தது. புதுத் தட்டுகளில் சர்க்கரையே இல்லை. பூச்சிகள் உரித்துப்போட்ட தோலின் பொடி மட்டும். அதில் விளைந்த வித்தைக் கொண்டுபோனபோது செடியில் பூ உதிரத் தொடங்கியிருந்தது; காய் பிடிக்க அதிக நாளில்லை. அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே வாங்கித் தெளித்தான்.

பிறகு அவனிடமிருந்து பேச்சுமூச்சில்லை. மருந்தடித்துவிட்டானோ என்று அவள் பயந்துகொண்டிருந்தபோது போன் வந்தது.

"புழுவெல்லாம் இலை இலையா செத்து ஒட்டிட்டிருக்கு. அந்த மருந்துக் கேனைக் கடையிலயே திருப்பிக் குடுத்துட்டேன். உங்க அண்ணி நம்பல, காவலுக்குக் கூடவே வந்தா."

"மூச்சு எப்படிண்ணா இருக்கு?"

"எனக்கென்ன? மாப்பிள்ளை வேலைக்குப் போறாரு, நான் உக்காந்து சாப்பிடறேன்."