வெள்ளரிக்குக் கொசுவலை

வேதநாயகத்தின் முதல் தேனீக் கூட்டம் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனது. "மந்தைவெளியில அதுங்க எதத் தின்னும்? உங்க ஆபீஸ் காகிதத்தையா?" என்றாள் மனைவி ஆரோக்கியமேரி. புதிதாக வாங்கி வந்திருக்கும் இரண்டாவது கூட்டமும் ஓடினால் பெட்டி கோழிக்கூடாகிவிடும் என்பது அவள் தீர்ப்பு. கோர்ட்டில் வெள்ளைக்காரத் துரைகூட அப்பீலுக்கு இடம் வைப்பார், ஆரோக்கியமேரி வைப்பதில்லை.

ஆகவே அவர் பூவைத் தேடி அடையாற்றங்கரைக்குப் போனார். கோட்டூர்ப் பக்கம், ஆற்றை ஒட்டி, அங்காளம்மாளின் வெள்ளரித் தோட்டம் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. வரப்பில் பெட்டி வைக்க இடம் கேட்டார். தேனீ பூவுக்குப் பூ போய் வந்தால்தான் காய் பிடிக்கும் என்று, படித்த துண்டுப் பிரசுரத்தை அப்படியே ஒப்பித்தார்.

அங்காளம்மாள் கையிலிருந்த களைக்கொட்டைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டாள்.

"இன்னா நைனா, பூவுல கீற தித்திப்ப உன் பூச்சி உறிஞ்சிக்கினு போச்சுன்னா காய் கசந்துபூடாதா? கசந்த வெள்ளரிய யாரு வாங்குவா, உங்க ஊட்டுக்காரம்மாவா?"

"கசக்காதும்மா."

"தின்னு பாத்துக்கீறியா?"

இல்லை. பிரசுரத்தில் போட்டிருந்தது, அவ்வளவுதான். இதைச் சொல்ல வெட்கப்பட்டு அவர் ஆற்றைப் பார்த்தார்.

"சரி, வெச்சுக்கோ. ஆனா கீறதுலயே நல்ல பாத்தி ஒண்ண மூடிடுவேன். தெறந்த பாத்தி கசந்து, மூடின பாத்தி தித்திச்சுதுன்னா உன் பொட்டி ஆத்துல போவும். மூடறதுக்குக் கொசுவல நீ கொண்டா."

வீட்டிலிருந்தது ஒரே ஒரு கொசுவலை, கல்யாணச் சீர். அன்று அந்தி சாய்ந்ததும், வாசலை ஈரத்துணியால் அடைத்த பெட்டியும் கொசுவலையும் ஒரே ஜட்காவில் கோட்டூருக்குப் போயின. அது முதல் வெள்ளரி வலைக்குள் நிம்மதியாகத் தூங்கிற்று; வேதநாயகம் மந்தைவெளிக் கொசுக்களுக்கு விருந்தானார். "ஊர்ல கீற பூச்சிக்கெல்லாம் படியளக்கிற மகராசன்" என்று சொல்லிக்கொண்டே, ஆரோக்கியமேரி இரண்டு பேருக்குமாக விசிறினாள்.

காய் பறிக்கும் நாள் வந்தது. வேதநாயகம் பயந்துகொண்டே போய் முதலில் பெட்டியைத் திறந்தார். கூட்டம் ஓடவில்லை. அடையெல்லாம் மெழுகு மூடித் தேன் கனத்தது. திறந்த பாத்திகளில் இலையை விலக்கிய இடமெல்லாம் காய்.

வலைக்குள்ளே பூவுக்குக் குறைவில்லை. காய்தான் இல்லை. விரற்கடைப் பிஞ்சுகள் பழுத்துச் சுருங்கிக் கிடந்தன.

ஜெயித்தவர் முகம்போல இல்லை வேதநாயகத்தின் முகம். இருந்ததிலேயே நல்ல பாத்தியை அல்லவா அவள் மூடினாள்? உன் வலைதான் காற்றைத் தடுத்துக் காயைக் கெடுத்தது என்று சொல்லப்போகிறாள். அவளிடத்தில் அவர் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆபீசில் தன் கூட்டல் பிழைக்கு மைப்புட்டியைக் குற்றம் சொன்ன மனிதர் அவர்.

அங்காளம்மாள் திறந்த பாத்தியில் ஒரு காயைப் பறித்துக் கடித்தாள். நிதானமாக மென்றாள். மீதியை அவர் கையில் கொடுத்தாள். தித்தித்தது.

பக்கத்து எள்ளுக் கொல்லைக்காரன் தேசப்பன் வரப்புக்கு அந்தப்புறமிருந்து சிரித்தான். "இன்னா அங்காளம்மா, நல்ல பாத்தியப் பட்டினி போட்டுட்டியே!"

"ஆமா தேசப்பா. பூச்சி திருடுதுன்னு நெனச்சிக்கினு மூடிட்டேன். தப்பு என்னுது. உன் எள்ளுல நீ இத்தப் பண்ணாத."

இடுப்பில் கை வைத்துக்கொண்டு, நாலு கொல்லைக்குக் கேட்கிற குரலில் சொன்னாள். 'தப்பு என்னுது' என்ற வாக்கியத்தை வேதநாயகம் மாதா கோயில் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கு வெளியே கேட்டது இதுதான் முதல் தடவை. கூண்டுக்கு உள்ளேயும் அவர் அதைக் கொஞ்சம் முணுமுணுப்பாகத்தான் சொல்வது.

அவள் வலையைச் சுருட்டி அவர் தோளில் போட்டாள். நேரே பெட்டியருகே போனாள். வாய்க்கால் தண்ணீரில் இரண்டு தேனீக்கள் விழுந்து தத்தளித்துக்கொண்டிருந்தன. வெறும் விரலால் அவற்றை எடுத்து இலையில் விட்டாள். பிறகு உடைந்த சட்டியொன்றில் தண்ணீர் மொண்டுவந்து, மேலே வைக்கோல் துரும்புகளைப் போட்டு, பெட்டியருகே வைத்தாள்.

"உன்னாண்ட இன்னொரு பொட்டி கீதா, நைனா?"

"இனிமேதான் வாங்கணும்."

"வாங்கினா அத வரப்புல வெக்காத. பாத்தி நடுவுல வெய்யி. பாவம், அதுங்களுக்கு நட மிச்சம்."

ஒரு தேனீ துரும்பின்மேல் இறங்கித் தண்ணீர் குடித்தது. மடை திருப்ப வேண்டிய நேரம் கடந்துகொண்டிருந்தது. அது குடித்து முடிக்கட்டும் என்று அங்காளம்மாள் குந்தியபடியே இருந்தாள்.