எந்தப் போங்கோ?

1

இந்தக் கதை என்னுடையதல்ல. திருவனந்தபுரத்தில் என்னோடு ஆபீசில் இருந்து ரிட்டயரான ஒரு மாமி போனில் சொன்னது. “எழுதிக்கோ. பேரை மாத்திடு. பின்னே ஒரு காரியம், அவரைப் பாவமாக்கிடாதே, கேட்டியா?” என்றாள். அவர் என்றால் அவள் கணவர். பெயர்களை மாற்றிவிட்டேன்: சூடாமணி, சேஷன். இரண்டாவது நிபந்தனையில்தான் திணறிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “கரமனை ஆற்றின்மேல் மழை இறங்கிய அந்த மாலையில், சேஷனின் ஸ்கூட்டர்...”

வேண்டாம். மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஸ்கூட்டர் வழுக்கியது, தலையின் வலப்பக்கம் அடி, ஆபரேஷன், பிழைத்தார்.

2

பேச்சு போகவில்லை. சொற்கள் ஒன்றுவிடாமல் திரும்பி வந்தன. போனது குரலின் ஏற்ற இறக்கம். காப்பி நன்றாயிருக்கிறது என்பதையும் காஸ் தீர்ந்துவிட்டது என்பதையும் ரயில்வே அறிவிப்பு மாதிரி ஒரே குரலில் சொன்னார். மற்றவர்கள் பேசும்போதும் அப்படித்தான். கோபமோ கிண்டலோ கொஞ்சலோ அவர் காதில் ஏறாது, சொல் மட்டும் ஏறும்.

“உணர்ச்சியெல்லாம் உள்ளே இருக்கு, குரலுக்குத்தான் வரமாட்டேங்குது” என்றார் டாக்டர். மாமி நம்பத்தான் பார்த்தாள். காதுக்கு எட்டாததை எத்தனை நாள் நம்புவது?

(அடிக்குறிப்பாகப் போட நினைத்தது: சேஷன் முன்பு பெரிய கிண்டல்காரர். மாமி போனில் அவரைப்போலப் பேசிக் காட்டினாள். நான் சிரித்தேன். எழுதிப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை. எழுத்துக்கும் அவருடைய வியாதிதான்.)

3

அந்த வருஷ ஓணத்தன்று பாயசத்தைக் குடித்துவிட்டுச் சேஷன் சொன்னார்: “இதைவிட நீ நன்னாருக்கே, சூடா.”

மாமிக்கு அந்த வயதிலும் வெட்கம் வந்துவிட்டது. “போங்கோ” என்றாள்.

சேஷன் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

தெருத்தெருவாகத் தேடி, கடைசியில் பழவங்காடியில், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற கூட்டத்தின் ஓரத்தில் கண்டுபிடித்தாள்.

“இங்க எதுக்கு வந்தேள்?”

“நீதானே போகச் சொன்னே.”

மாமிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அங்கேயே ஒரு விதி சொல்லிக்கொடுத்தாள். “நான் போங்கோன்னா போகண்டாம். அது வேற போங்கோவாக்கும்.”

“சரி. போகண்டாம்” என்றார் சேஷன்.

[இந்த ஊர்த் தமிழில் ‘போகண்டாம்’ என்றால் போகாதே என்றும் அர்த்தம், போகத் தேவையில்லை என்றும் அர்த்தம். குரல்தான் பிரித்துக் காட்டும்.]

4

இந்த இடத்தில் என் சேஷன்மேல் எனக்கே சந்தேகம் வந்தது. “அவர் மனதுக்குள் ஒரு மௌனக் கடல்...” என்று எழுதி, கூசிப்போய் நிறுத்தினேன். மாமிக்குப் போன் செய்து, அவர் உள்ளே என்னதான் இருந்தது என்று கேட்டேன்.

“எனக்கே அறியாது. பின்னே நீ எப்படி எழுதுவே?”

நியாயம்தான். அதனால் செய்ததை மட்டும் எழுதுகிறேன். மாமி ரிட்டயராகும்வரை தினமும் சாயங்காலம் குடையோடு பஸ் ஸ்டாப்பில் நின்றார். மழை இல்லாத நாளிலும் நின்றார்.

5

போன மாதம் தஞ்சாவூரில் மாமியின் தங்கை இறந்துபோனாள். காரியமெல்லாம் முடிந்து திரும்பி வந்து கூடத்தில் உட்கார்ந்து அழுதவளிடம் சேஷன் சொன்னார்: “அவ போயாச்சு. நீ சாப்பிடு.”

அதே அறிவிப்புக் குரல். அத்தனை வருஷமும் பொறுத்தவளுக்கு அன்றைக்குப் பொறுமை விட்டுப்போயிற்று. பெங்களூரில் இருக்கும் மகள் ஸ்மிதாவிடம், வருகிறேன் என்றாள். சேஷனைப் பார்த்துக்கொள்ள அடுத்த தெருவில் அவர் தம்பி இருக்கிறார். கொஞ்ச நாளைக்கு என்றுதான் எல்லோரிடமும் சொன்னாள். திரும்பி வருகிற எண்ணம் அவளுக்கு இல்லை.

பெட்டியோடு வாசலுக்கு வந்தபோது சேஷன் குறுக்கே நின்றார். “போகண்டாம்” என்றார்.

கெஞ்சலா? தகவலா? பழவங்காடியில் படித்த பாடமா? மாமிக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பெட்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: “போங்கோ.”

6

முடிவு ஒன்று: டாக்சி கிளம்புகிறது, தெருமுனையில் அவள் திரும்பிப்... அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: பெட்டியைத் திறந்து புடவைகளை ஒவ்வொன்றாய் பீரோவில்... அவளைக் கேட்காமல் நான் யார் அடுக்க?

நடந்தது இதுதான். சேஷன் விதிப்படி நகரவில்லை. அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

“இது எந்தப் போங்கோ, சூடா?”

அதே வறட்டுக் குரல்தான். ஆனால் சொல்லுக்குள் இன்னொன்று இருக்கிறது, அது தனக்குக் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று அவராக வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.

“பின்னே நீங்க என்ன சொன்னேள்?” என்று மாமியைப் போனில் கேட்டேன்.

“அதையேதான். மறுபடியும்.”

எங்கிருந்து பேசுகிறாள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவள் சொன்ன சொல்லைக் கீழே வைத்திருக்கிறேன். என் தாளில் அதற்குக் குரல் இல்லை, உங்களிடம் இருக்கிறது. பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்கள் முகத்தைப் பார்த்து, ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

“போங்கோ.”