பாட்டிலை உதைத்த பயிற்சியாளர்

உலக மக்கள் அனைவரும் கையில் உள்ள வேலையைக் கீழே வைத்துவிட்டுக் கவனிக்க வேண்டிய செய்தி: மாபெரும் கால்பந்து கிளப்பின் மாண்புமிகு பயிற்சியாளர் நேற்று மைதானத்தோரம் தண்ணீர் பாட்டில் ஒன்றை உதைத்தார். அது போய் விழுந்த இடம், சொந்த அணி கோல்கீப்பரின் மூக்கு.

எல்லோரும் கவனித்தார்கள். கறிக்கடைக்காரரும் அவர் மைத்துனனும் மட்டும் கையில் உள்ள வேலையைக் கீழே வைக்கவில்லை. வினை அங்கேதான் வந்தது. மைத்துனன் ஆட்டு விலாவைக் கட்டைமேல் பிடிப்பான். இவர் ஓங்கி வெட்டுவார். அதுதான் அந்தக் கடையின் வேலைமுறை.

“இந்தக் கோச்சு போற கிளப்புல எல்லாம் முதல் வருஷம் கப்பு, அடுத்த வருஷம் வாய்க்கொழுப்பு. அடிச்சுத் துரத்தணும் மாப்ளே!”

“கப்பு வந்தப்ப ரோட்டுல உருண்டு ஆடினது யாரு மச்சான்? ஜெயிக்கிறவனுக்குக் கோபம் வரும்.”

“கோபமா? திமிரு!”

சொல்லில் இருந்த அழுத்தம் கத்தியில் இறங்கியது. மைத்துனனின் ஆட்காட்டி விரல் துண்டாகித் துள்ளியது. ரத்தம் கண்ணாடித் தடுப்பில் பீய்ச்சி அடித்தது.

“வெட்டினாலும் சொல்லுவேன், கோச்சு தங்கம்!” மைத்துனன் கையைத் துண்டால் சுற்றிக்கொண்டு அலறினான்.

“தங்கமாம் தங்கம்!” கடைக்காரர் அவனை முறைத்தபடியே கட்டைமேல் கிடந்ததை அள்ளி ஐஸ் பையில் போட்டார். “சீக்கிரம் போனா தைச்சிடுவாங்க. ஏறு வண்டியில. உங்க அக்கா என்னை உயிரோட விட மாட்டா.”

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மைதான வாசல். அங்கே ரசிகப் பெருமக்கள் இரு பிரிவாகக் கருத்துப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள், இரும்புக் குழாய்களால். முதல் பிரிவு வண்டியை மறித்தது.

“கோச் ஒழிகன்னு சொல்லிட்டுப் போ.”

கடைக்காரர் மனமாரச் சொன்னார். மைத்துனன் வாயைத் திறக்கவில்லை.

“சொல்லித் தொலைடா, விரல் போயிடும்!”

“போகட்டும்.”

முன்கண்ணாடி நொறுங்கியது. குழாய் அவன் தாடையில் இறங்கிப் பல்லைப் பெயர்த்தது.

சற்றுத் தள்ளி மறு பிரிவு. “கோச் வாழ்கன்னு சொல்லு.”

மைத்துனன் மிச்சப் பற்களால் முழங்கினான். “நீங்களும் சொல்லுங்க மச்சான். என் விரலு!”

“என் பொணம்கூடச் சொல்லாது.”

செங்கல் அவர் நெற்றியைப் பிளந்தது. கீழே இழுத்துப் போட்டு, விலா முறியும் சத்தம் கேட்கும்வரை மிதித்தார்கள். அவர் ஐஸ் பையை வயிற்றோடு அணைத்துச் சுருண்டு கிடந்தார். மிதித்தவர்களுக்குக் கால் வலித்த பிறகு எழுந்து, ரத்தம் மூடாத ஒற்றைக் கண்ணால் வண்டியை ஓட்டினார்.

“ஒரு வார்த்தை சொன்னா தேஞ்சா போவீங்க?” ஆஸ்பத்திரி பெஞ்சில் மைத்துனன் ரத்தம் துப்பினான்.

“நீ சொன்னியாடா?”

டாக்டர் நடுவே புகுந்து கையைப் புரட்டிப் பார்த்தார். “வெட்டு சுத்தமா இருக்கு. நேரத்துக்கு வந்துட்டீங்க, தைச்சிடலாம்.” பையை வாங்கி எஃகுத் தட்டில் கவிழ்த்தார்.

தட்டில் விழுந்தது ஆட்டுவால்.