முதல் குரல்

எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் எனக்குக் குச்சி மாஸ்டர் என்று பெயர். தாளம் காட்டும் குச்சியைக் கையில் எடுத்துவிட்டால் எனக்குக் கண்மண் தெரியாது. முப்பது பேரை இருபது வருடமாக ஆட்டி வைத்தேன். ஒருவர் அரை மாத்திரை பிந்தினாலும் மானம் போகிற மாதிரி திட்டுவேன். கேட்டால், எல்லாம் ஆண்டவருடைய மகிமைக்காக என்பேன். நல்ல சப்பைக்கட்டு.

முதல் குரல் என் மனைவி. ஒன்றாம் வகுப்பு டீச்சர். பகலெல்லாம் நாற்பது பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்து, சாயங்காலம் எனக்காக மேல் ஸ்தாயியில் நிற்பாள். அந்த வருடம் பாடகர் குழுப் போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவள் குரல் கம்மியது. தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாணில் கட்டி, இரண்டு மாதம் வாயே திறக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, மீறினால் குரல் திரும்பாது என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அவள் பள்ளிக்கு விடுப்பு எழுதிப் போட்டுவிட்டு, வகுப்பிலிருந்து ஒரு சிலேட்டை எடுத்து வந்து, சொல்ல வேண்டியதை அதில் எழுதிக் காட்டினாள்.

பத்து நாள் பொறுத்தேன். பெரிய பொறுமைசாலி! அவள் இடத்தில் வேறொருத்தியை நிறுத்திப் பார்த்தேன். குழுவே பல் போன வாய் மாதிரி இருந்தது. கீழ்க்குரல் பாடும் என் மச்சான், அவளுடைய தம்பி, இந்த வருடம் போட்டியே வேண்டாம் என்று கெஞ்சினான். இவனுக்குச் சங்கீதம் என்ன தெரியும் என்று வீட்டுக்குப் போய் அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"ஒரே ஒரு பாட்டு. ஆண்டவருக்காகத்தானே பாடுற? அவர் பார்த்துக்க மாட்டாரா?" என்றேன்.

"பயமா இருக்கு" என்று எழுதிக் காட்டினாள். அதை என் விரலாலேயே அழித்தேன்.

பாடினாள். கடைசி வரியில் அவள் குரல் மேலே போய் நின்றபோது நடுவர்களே எழுந்துவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கோப்பையை வாங்கிக்கொண்டு திரும்பினால், அவள் மேடை ஓரத்தில் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. பேச முடியாத டீச்சரை ஒன்றாம் வகுப்புக்கு எப்படி அனுப்புவது என்று தலைமையாசிரியை வருத்தப்பட்டார். வேலையும் போயிற்று.

நான் தண்டனைக்குக் காத்திருந்தேன். கை முடங்கும், கண் போகும் என்று நினைத்தேன். ஒரு மண்ணும் நடக்கவில்லை. பாராட்டுக் கடிதம் வந்தது. வெளியூர் ஆலயங்கள் கூப்பிட்டன. வரவேற்பறை அலமாரியில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்த கோப்பையைச் சனிக்கிழமைதோறும் துடைத்தேன். அவள் அந்தப் பக்கமே பார்க்க மாட்டாள். எட்டாவது மாதம் தாங்க முடியாமல் போதகரிடம் போனேன்.

"ஆண்டவர் ஏன் ஐயா என்னை அடிக்கவே இல்ல? அடிச்சிருந்தா நிம்மதியா இருக்குமே," என்றேன். அழுகை வந்துவிட்டது.

போதகர் என் தோளைத் தொடக்கூட இல்லை.

"கோபம்னா இடி விழணும்னு நினைக்கிறீங்க மாஸ்டர். டாக்டரை வச்சுத் தடுத்தார். மச்சானை வச்சுத் தடுத்தார். உங்க வீட்டம்மாவே எழுதிக் காட்டினாங்க. நீங்க கும்பிட்டது அந்தக் குழுவை. சரி, அதையே வச்சுக்கோன்னு விட்டுட்டார். இதைவிடப் பெரிய கோபம் எனக்குத் தெரியாது."

விக்கிரகத்தைப் பற்றி ஞாயிறு பள்ளியில் எத்தனை பாடம் எடுத்திருப்பேன்! என் வீட்டு அலமாரி கண்ணில் படவில்லை. திரும்பி வர வழியே இல்லையா என்று கேட்டேன். கதவு திறந்துதான் இருக்கிறது, கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டுத்தான் நுழைய முடியும், முதலில் வீட்டம்மாவிடம் போங்கள் என்று அனுப்பினார்.

அவள் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். குச்சியை அவள் முன்னால் இரண்டாக ஒடித்து மேசையில் வைத்தேன்.

"என்னை மன்னிச்சிடு. குழுவை இன்னையோட விட்டுட்டேன். இனிமே எனக்கு நீ மட்டுந்தான்," என்றேன். மனதாரத்தான் சொன்னேன். சத்தியமாக மனதாரத்தான்.

கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சிலேட்டை எடுத்தாள்.

"அடுத்த வருஷம் முதல் குரல் யாரு?"

"குழுவுல புதுசாச் சேர்ந்த நர்ஸ் பொண்ணுதான். மூணு மாசமாத் தனியாப் பயிற்சி குடுக்கறேன். மேல நல்லா நிக்குது."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. என்ன பிரயோசனம்?

அவள் சிலேட்டைத் துடைத்தாள். அவள் முகத்தில் கோபத்தைத் தேடினேன். கொஞ்சமாவது இருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். இல்லை. ஒடிந்த குச்சியின் இரண்டு துண்டுகளையும் எடுத்து என் கையிலேயே வைத்துவிட்டு, மறுபடி பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தாள்.