மட்டிக்கு ஒரு வாளி

எங்கள் வீட்டில் பெயர் வெட்டாத பாத்திரம் கிடையாது. பாண்டி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த என் மாமனார் சுயம்புலிங்கம், டம்ளர் முதல் அண்டா வரை எல்லாவற்றிலும் தன் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டி வைத்திருந்தார். தூத்துக்குடியிலிருந்து நான் சீராகக் கொண்டுவந்தவற்றில் என் அப்பா பெயர். ஒரு கரண்டியில்கூட 'ரத்னா' கிடையாது. அதை நினைத்து எத்தனையோ தடவை கடுப்பாகியிருக்கிறேன். யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள்.

எனக்கென்று இருந்தது ஒரு மட்டிதான், உயிருள்ள கடல் சிப்பி. என் கணவர் ஜவஹர் ஆசை ஆசையாக வாங்கிய கண்ணாடித் தொட்டியில், கடல்நீரில் விட்ட மீனெல்லாம் செத்துப்போய் வெறும் மணலும் தண்ணீரும் மிச்சமிருந்தன. அந்தச் சமயம் ஊருக்குப் போய்த் திரும்பினேன். அம்மா ஈரச் சாக்கில் கட்டிக் கொடுத்த மட்டிகள் குழம்புக்குப் போயின. சாக்கின் மூலையில் தப்பிக் கிடந்த ஒன்றை விளையாட்டாகத் தொட்டியில் போட்டேன். காலையில் பார்த்தால் அது மணலுக்குள் புதைந்துகொண்டு, இரண்டு சின்னக் குழாய்களை மட்டும் வெளியே நீட்டி நிம்மதியாகத் தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தது. ஒரே ராத்திரியில் குடியேறிவிட்டது. எனக்கு மூன்று வருஷமாகியும் அந்த வீட்டில் அது முடியவில்லை.

அதன்மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் வந்துவிட்டது. மொட்டைமாடியில் ஒரு பாட்டிலில் கடல்நீரை வெயிலில் வைத்துப் பாசி பிடிக்கவிட்டு, அந்தப் பச்சைத் தண்ணீரைக் கரண்டியால் ஊட்டுவேன். கரண்டு போய்க் காற்று மோட்டார் நின்றால், டம்ளரால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜவஹர் ஸ்கூட்டரில் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய் டால்டா டின்னில் புதுத் தண்ணீர் கொண்டுவருவார். அந்த டின் உப்பில் துருப்பிடித்துப்போனதும், ஒரு பிளாஸ்டிக் வாளி வேண்டுமென்று கேட்டேன். மாமாவுக்கு வந்ததே கோபம்!

"பாத்திரக்கடைக்காரன் வீட்டுல பிளாஸ்டிக் வாளியா? நாளைக்குக் கடைக்கு எவன் வருவான்?"

கத்தினாரே தவிர, அன்று மாலையே கடையில் இருந்ததிலேயே நல்ல செம்புக்குடமாகப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தார். "செம்புல வச்ச தண்ணி அமிர்தம்லா. உன் மட்டியும் குடிக்கட்டும்" என்றார். ஆசையாகச் சொல்கிறவரிடம் என்னத்தைச் சண்டை போடுவது?

கலங்கல் தெளியட்டுமென்று தண்ணீரை ராத்திரி முழுக்கக் குடத்திலேயே வைத்திருந்து, விடிந்ததும் தொட்டியில் ஊற்றினோம். அன்றே மட்டி மூடிக்கொண்டது. சில நாள் கழித்துக் கொஞ்சம் திறக்கும். அடுத்த குடம் வந்ததும் மறுபடி மூடிக்கொள்ளும். ஒரு ஞாயிறு, ஜவஹர் குடத்தை இறக்கி வைத்த நேரம், மட்டி மணலுக்கு மேலே வந்து வாயைப் பிளந்து கிடந்தது. விரலால் தொட்டேன். மூடவே மனமில்லாததுபோல் மெள்ள மூடியது.

"போனாப் போவுது, இன்னொண்ணு கொண்டாந்துக்கலாம்" என்றார் ஜவஹர். அன்று முழுக்க அவரோடு நான் பேசவில்லை.

ஒவ்வொரு திங்களும் தண்ணீரை மாற்றிவிட்டுக் குடத்தை உடனே புளி போட்டுத் தேய்ப்பது வழக்கம். அந்த வாரம் மனசே சரியில்லை, அப்படியே போட்டுவிட்டேன். அடுத்த நாள் பார்த்தால், குடத்துக்குள் தண்ணீர் நின்ற அளவுக்குப் பச்சையாக ஒரு வளையம்.

குடத்தைத் தூக்கிக்கொண்டு மாமாவிடம் போனேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, செம்பு வாங்க வாறவங்ககிட்ட கடையில என்ன சொல்லி அனுப்புவீங்க?"

"புளியோ உப்போ உள்ள வச்சிராதீங்க, களிம்பேறும், அது வெசம்னு சொல்லுவேன். எதுக்கும்மா கேக்க?"

நான் குடத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்தேன். உள்ளே விரலை விட்டுத் துடைத்துப் பார்த்தார். பிறகு தொட்டியைப் பார்த்தார்.

"கடல்தண்ணியும் உப்புல்லா" என்றார் மெதுவாக. "ஊருக்கெல்லாம் சொல்லுதேன். என் வீட்டுல எனக்குத் தோணலையே." குடத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "எவர்சில்வர் வாளி தாரேன்" என்றார்.

"இனி ஒரு பரீட்சையை அது தாங்காது மாமா. எந்தப் பாத்திரமும் வேண்டாம்." இந்த வீட்டில் மாமாவிடம் 'வேண்டாம்' என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மத்தியானம் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினார். கையில் சிவப்பு பிளாஸ்டிக் வாளி. அதை ஒரு பேப்பரில்கூடச் சுற்றவில்லை.

"பஜார் பூரா கேட்டானுவ, என்ன அண்ணாச்சி நீங்களுமான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மட்டிக்குன்னேன். அதுக்கு மேல எவனும் வாயத் தொறக்கல."

ஞாயிறுவரை பொறுக்காமல் ஜவஹர் அன்று மாலையே கடலுக்குப் போய் வந்தார். தொட்டித் தண்ணீர் முழுவதையும் மாற்றினோம். அப்படியும் மட்டி அசையவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமா கடைக்குப் போகும்போதும் வரும்போதும் தொட்டியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு போனார்.

பிறகு ஒரு நாள் காலை, மணலுக்கு மேலே இரண்டு குழாய்கள்.

"மாமா!" என்று கத்திவிட்டேன். பல்பொடி நுரையோடு ஓடிவந்தவர் தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வெகுநேரம் பார்த்தார்.

"வாளியக் கழுவிக் கவுத்து வை. புளி போட்டுத் தேச்சிராத" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

குழாயடியில் வாளியைக் கவிழ்த்தேன். அடிப்பக்கத்தில், ஓட்டை விழாமல், சூடான ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தியிருந்தது. எழுத்து கொஞ்சம் கோணல்தான். 'ரத்னா' என்று இருந்தது.

குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் நன்றாக அழுதேன்.