எலிக்கு இல்லாத பல்

சாந்தகுமாரி டீச்சருக்குப் பல் பாடம் என்றால் கொண்டாட்டம். ஸ்ரீராம்புரம் தமிழ்ப் பள்ளியில் வருஷா வருஷம் தன் வாயையே திறந்து காட்டி நடத்திவிடுவாள். வெட்டுப்பல் கடிக்க, கோரைப்பல் கிழிக்க, கடைவாய்ப்பல் அரைக்க.

அன்றைக்குப் பாடத்தில் மனம் ஒட்டவில்லை. வீட்டில் புருஷன் ஓஸ்வால்டுக்கு ஜுரம். இரண்டு மாதத்துக்கு முன்னால் எலி கடித்த கெண்டைக்காலில் எறும்பு ஊர்கிறது என்று சொறிந்துகொண்டே கிடந்தான். அவர்கள் குடியிருந்த சந்தில் எலிக்கடிக்கெல்லாம் யார் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள்? மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அவளே பூசியிருந்தாள். அப்போது அவன் பஸ் டிப்போவிலிருந்து தூக்கி வந்த நாய்க்குட்டி ஒன்றும் வீட்டில் இருந்தது. அடுத்த வாரமே ஓடிப்போய்விட்டது.

"டீச்சர், எலிக்குக் கோரப்பல் எங்க இருக்கும்?" என்றாள் முதல் பெஞ்சு சௌம்யா.

"எலிக்கு ஏதுடி கோரப்பல்? முன்னாடி உளி மாதிரி ரெண்டு பல்லு, ஒட்டிக்கிட்டு இருக்கும். பக்கத்துல காலி எடம். கொறிக்கிறதுக்கு அது போதும். நாய்க்குத்தான்..."

பலகையில் நாயின் தாடையை வரைந்து, தள்ளித் தள்ளி இரண்டு கூர்ப்பற்களை வைத்தாள். அப்படியே நின்றுவிட்டாள். ஓஸ்வால்டின் காலில் அவள் மஞ்சள் பூசிய ஓட்டைகளும் இப்படித்தான் தள்ளித் தள்ளி இருந்தன.

பள்ளிக்கூடத்தை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். ஃபேன் காற்று ஆகாது என்று அவன் மூலையில் போர்த்திக்கொண்டு கிடந்தான்.

"நெஜத்த சொல்லுங்க. கடிச்சது எலியா?"

அவன் சுவரைப் பார்த்தான். "குட்டிதான் குமாரி. வெளையாட்டுல கவ்விடுச்சு. கடிச்சா அன்னிக்கே தெருவுல விட்டுடுவேன்னு சொன்னியே. அதான் எலின்னேன்."

"அது ஓடிப்போச்சுன்னீங்க?"

"செத்துப்போச்சு."

அவனை அறையலாம் போல் வந்தது. அவன் பொய்தான் சொன்னான். கண்ணெதிரே இருந்த காயத்தை, வருஷா வருஷம் பல் பாடம் நடத்துகிறவள், எலிக்கடி என்றே நம்பி மஞ்சள் பூசினாளே.

"எழுந்திருங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம். மொதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க."

"குடு. காலையிலேர்ந்து நாக்கு வறளுது" என்று ஆசையாகத்தான் கை நீட்டினான். தம்ளர் உதட்டுக்கு வந்ததும் கழுத்து வெட்டி இழுத்தது. தம்ளர் உருண்டது.

நாய்க்கடி விஷம் ஏறியவனுக்குத் தண்ணீர் இறங்காது, அதற்கப்புறம் எந்த ஊசியும் கேட்காது என்று அவளுக்குத் தெரியும். அதுவும் அவள் நடத்துகிற பாடம்தான்.

சிந்திய தண்ணீர் தரையில் அவன் பக்கமாக ஓடியது. ஓஸ்வால்ட் அலறிக் கால்களை இழுத்துக்கொண்டான். சாந்தகுமாரி மண்டியிட்டுப் புடவைத் தலைப்பால் அதைத் துடைத்தாள்.